பூட்டி வைத்த கணினிக்கே கறள் முந்தும்

காரைநகரில் கணினியும் கைத்தொலைபேசியும் வேளைக்கே பழுதாவதற்கு உப்புக்காற்றுத்தான் காரணம் என்பதை ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பொன்னாலைத் தாம்போதியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டு மூன்று கிலோமீற்றருக்குள் கடல். யன்னல் கம்பி, கேற்றுப் பிணைச்சல், சைக்கிள் செயின் எல்லாம் கறள் பிடித்து உதிர்வதைப் பார்த்துப் பழகியவர்கள் அதே கணக்கைக் கணினிக்கும் போடுகிறார்கள். விலை கூடிய சாமான், வெளிநாட்டிலிருந்து வந்தது, வீணாகக்கூடாது என்று துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அந்தக் கவனம்தான் பல கணினிகளின் ஆயுளைக் குறைக்கிறது. கடலோர வீட்டில் நாள்தோறும் ஓடுகிற கணினி, பூட்டிக் கிடக்கிற கணினியைவிட நீண்டகாலம் உழைக்கும். இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் எதை எந்த அறையில் வைப்பது, எப்போது பிளக்கைக் கழற்றுவது, எதற்குக் காசு செலவழிப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் அதிலிருந்தே விடை வந்துவிடும்.

காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. சுற்றுப்பலகையில் தூளாகக் கிடக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. கேடு தொடங்குவது அது ஈரத்தை இழுக்கும்போது. சாதாரண சோடியம் குளோரைட்டு, காற்றின் சாரீரப்பதன் ஏறக்குறைய 75 வீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 வீதமே போதும். மத்தியான வெயிலில் மேசை காய்ந்திருப்பது போலத் தெரிந்தாலும், உப்புப் படிந்த பலகையில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் இருந்துகொண்டே இருப்பது இதனால்தான். இரவில் காற்றுக் குளிரக் குளிரச் சாரீரப்பதன் ஏறி அந்தப் படலம் தடிக்கும். அரிப்பை ஆராய்கிறவர்கள் ஒரு பொருள் எவ்வளவு உப்பைச் சந்தித்தது என்பதோடு, எத்தனை மணி நேரம் ஈரமாக இருந்தது என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். உப்பை நம்மால் நிறுத்த முடியாது. ஈரமாயிருக்கும் நேரத்தைக் குறைக்கலாம்.

அந்த ஈரம் கணினியை எப்படிக் கொல்கிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. செம்புக் கோடுகள் அரித்து அறுந்துபோகின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரம் அரிப்புக் கூடிய கடலோரங்களை சி5 என்று வகைப்படுத்துகிறது. அங்கே வெறும் உருக்கு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரோன் வரை தேய்ந்துபோகும், செம்போ 2.8 முதல் 5.6 மைக்ரோன்தான். அதுவும் வெட்டவெளியில். சுற்றுப்பலகையிலுள்ள செம்புக் கோட்டின் வழக்கமான தடிப்பு 35 மைக்ரோன். வீட்டுக்குள் இருக்கும் பலகையில் அதைத் தின்று தீர்க்கப் பல வருடங்கள் செல்லும். ஆபத்து இரண்டு கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. உப்பு நீர்ப் படலமும் வோல்ற்றளவும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்த இடத்தில் மின்பகுப்பு நடக்கும். நேர் முனையிலிருந்து உலோகம் அயன்களாகக் கரைந்து, எதிர் முனையில் மயிரிழை போன்ற கிளைகளாக வளரும். கிளை மறுபக்கத்தைத் தொட்டதும் மின் குறுக்கோடி விடும்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் கைத்தொலைபேசியின் டைப்-சி துவாரத்துக்குள் ரோர்ச் அடித்து, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். உள்ளேயுள்ள நாக்கின் இரு பக்கமும் பன்னிரண்டாக 24 தொடுகைகள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் அரை மில்லிமீற்றர்தான் தூரம். சார்ஜர் குத்தியதும் அவற்றில் சிலவற்றுக்கு 5 வோல்ற்றோ அதற்கு மேலோ வரும். கடற்கரையில் நின்றுவிட்டு வந்து, வியர்வையும் உப்பும் பட்ட போனை உடனே சார்ஜில் போட்டால், அந்த மின் தொடுகைகள்தான் முதலில் கறுத்துப் பச்சைக் களிம்பு பிடிக்கும். தங்க முலாமுக்கும் நுண்துளைகள் உண்டு; அவற்றினூடாக அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் உப்பு தொட்டுவிடும். கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்தால் துவாரம் நன்றாகக் காயும்வரை சார்ஜரைத் தொடாமலிருப்பது, எந்த விலையுயர்ந்த உறையையும்விடப் பயன் தரும்.

இனி, ஓடுகிற கணினிக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அறையின் வெப்பநிலை 30 பாகை, சாரீரப்பதன் 80 வீதம் என்று வைத்துக்கொள்வோம். கணினிக்குள் சுற்றுப்பலகை 40 பாகைக்குச் சூடாகிவிட்டால், அதைத் தொடுகிற காற்றின் சாரீரப்பதன் 46 வீதமளவுக்கு இறங்கிவிடும். காற்றிலுள்ள நீரின் அளவு மாறவில்லை; சூடான காற்றுக்கு அதைவிடக் கூடுதலான நீரைத் தாங்கும் வலு இருக்கிறது. 46 வீதத்தில் சோடியம் குளோரைட்டு மறுபடி காய்ந்துவிடும். மகனீசியம் குளோரைட்டின் ஈரமும் பெருமளவு குறைந்துவிடும். கணினி தன் சூட்டாலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது. அலுமாரிக்குள் கிடப்பதற்கு இந்த வாய்ப்பே இல்லை. கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருப்பவர்கள் ஈழத்துச் சிதம்பரம் கோயிலின் மார்கழித் திருவெம்பாவைக்கு வந்து திறக்கிற வீடுகளையும், விடுமுறை முழுவதும் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளையும் நினைத்துப் பாருங்கள். சோளகம் கொண்டுவந்த உப்பும் வாடையின் மழை ஈரமும் யாரும் தொடாத அந்த இயந்திரங்களில்தான் நாட்கணக்காகத் தங்கி நிற்கின்றன.

இதற்கு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. ஓடுகிற கணினியின் விசிறி வெளிக்காற்றை இழுக்கிறதே, அதோடு உப்பும் உள்ளே வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் கடலுப்பின் நிறையில் பெரும்பங்கு ஒரு மைக்ரோனைவிடப் பெரிய துணிக்கைகளில் இருக்கிறது. அவற்றில் பெரியவை சுவரிலும் திரைச்சீலையிலும் மோதி விழுந்துவிடும். மிஞ்சுவதில் ஒரு பகுதியை நெருக்கமான வலை வடிகட்டி பிடித்துவிடும். கணினியைக் காற்று வரும் யன்னலோரத்திலிருந்து எடுத்து நடு அறையில் வைப்பது இந்த மறுப்புக்குப் பாதிப் பதில். மீதிப் பதில், விசிறியே இல்லாத கணினியை வாங்குவது. கடிதம் எழுதவும் பாடம் பார்க்கவும் வீடியோ அழைப்பில் பேசவும் பத்து வாற்று அளவில் ஓடும் சின்னக் கணினிகள் தாராளமாகப் போதும். விளையாட்டுக்காகப் பெரிய கோபுரப் பெட்டி கட்டுகிறவர்கள் வடிகட்டியை மாதந்தோறும் கழுவிக் காயவைக்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்கள் கடலோரத்தில் அந்தப் பெட்டியைக் கட்டாமலிருப்பதே நல்லது என்பது என் முடிவு.

இன்னொரு மறுப்பும் நியாயமானது: மின்பகுப்புக்கு வோல்ற்றளவு வேண்டுமென்றால், மின்சாரம் இல்லாத கணினிதானே பாதுகாப்பானது? இங்கேதான் பலர் கவனிக்காத ஓர் இடைநிலை இருக்கிறது. மேசைக் கணினியை அணைத்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தால் தாய்ப்பலகையில் 5 வோல்ற் நின்றுகொண்டே இருக்கும். பலகை குளிர்ந்து ஈரமாகிவிடும், மின்னும் இருக்கும். இரண்டு கேடும் கூடுகிற நிலை அது. ஆகவே ஒன்றில் ஓடவிடுங்கள், அல்லது சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பிளக்கைக் கழற்றுங்கள். இடி மின்னல் கூடிய சித்திரையிலும் ஐப்பசியிலும் இந்தப் பழக்கம் வேறொரு விதத்திலும் காப்பாற்றும்.

மின்கட்டணத்தைப் பற்றிய கவலைக்குக் கணக்கே பதில் சொல்லும். 30 வாற்று லப்டொப்பை இரவில் மூன்று மணி நேரம் ஓட்டினால் மாதம் மூன்று யுனிற்றுகூட வராது. ஈரம் கூடுவது இரவில்; ஆகவே ஓட்டுவதையும் இரவில் வைத்துக்கொள்ளலாம். மின்சாரமே நின்றால் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததையும், 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் தைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சமூகத்துக்கு மின்சாரத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ற் யூ.பி.எஸ், மேசைக் கணினிக்குப் பத்து நிமிடம் தாங்குகிற யூ.பி.எஸ் என்று வைத்துக்கொண்டால், மின்சாரம் போய் வரும்போது ஏற்படும் வோல்ற்றளவுத் துள்ளலிலிருந்தும் ஓரளவு தப்பலாம்.

குளிரூட்டி போட்ட அறை உலர்ந்திருக்கும். ஆனால் 20 பாகையில் குளிர்ந்த கமராவையோ போனையோ வெளியே கொண்டுவந்தால், காற்றின் பனிபடுநிலை அதைவிட மேலே இருக்கும்போது கண்ணாடியில் மட்டுமல்லாமல் உள்ளேயும் நீர் படியும். பையில் மூடியபடி கொண்டுவந்து, சூடேறிய பிறகு திறக்க வேண்டும். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போகத்தான் வேண்டுமென்றால் அலுமாரியை நம்பாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. சாரீரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் ஓவனில் 110 பாகையளவில் சூடாக்கினால் மறுபடி உதவும். லப்டொப் பற்றரியைப் பாதியளவு சார்ஜில் வைத்து அணையுங்கள். நிறைந்த சார்ஜில் வெக்கையான வீட்டில் கிடந்தால் பற்றரி வேகமாகத் தேயும்.

கடல்நீர் பட்டுவிட்ட பொருளை அரிசிக்குள் புதைப்பது பரவலான பழக்கம். அரிசி ஈரத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் உப்பை இழுக்காது. உப்பு அங்கேயே காய்ந்து, அடுத்த ஈரத்துக்குக் காத்திருக்கும். வெளியிணைப்பு இயந்திரத்தைக் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவும் கடற்றொழிலாளர்களின் முறையே சரி. உடனே அணைத்து, நீர்காப்புள்ள போனாயின் வெளிப்புறத்தையும் துவாரத்தையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீர் உதவாது. கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர், காய்ச்சி வடித்த நீர்தான் என்று போத்தலில் எழுதியிருந்தால், நன்றாக உதவும். ஐபி68 என்று பெட்டியில் எழுதியிருப்பது நன்னீரில் சோதித்த முடிவு என்பதையும் மறக்கக்கூடாது. நீர்காப்பில்லாத பொருளைத் திருத்துபவரிடம் கொடுத்து, கழற்றி, ஐசோபுரொப்பைல் அற்ககோலால் கழுவிக்கொள்ளுங்கள். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் எண்ணெய் கலந்திருக்கலாம். நினைவகத் தகட்டின் தொடுகைகளை அழிறப்பரால் தேய்ப்பதும் ஒருமுறைக்குப் பலன் தரும். ஆனால் அந்தத் தங்க முலாம் ஒரு மைக்ரோன்கூடத் தடிப்பில்லாதது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் முலாம் போய்விடும்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் கணினி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விசிறியில்லாததாகவும், சுழலும் தட்டில்லாமல் எஸ்.எஸ்.டி. உள்ளதாகவும் பார்த்து அனுப்புங்கள். சார்ஜரில் 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கனடாவின் 120 வோல்ற்றுக்கு மட்டும் செய்த பொருள் இங்குள்ள 230 வோல்ற்றில் எரிந்துபோகும். கூடவே ஒரு சின்ன ஈரமானியையும் வையுங்கள். வீட்டிலிருப்பவர்களிடம் கணினியைப் பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொல்லாதீர்கள். நாள்தோறும் பாவிக்கச் சொல்லுங்கள்.