அஞ்சத்தக்கதும் அஞ்சவேண்டாததும்
(மூளை நாடிப்புடைப்பும் மனநலமும்)

நோயினால் வரும் துன்பத்தினும், அந்நோய் முற்றிவிடுமோ என்ற அச்சத்தால் வரும் துன்பம் சிலரிடத்துப் பெரிதாயிருப்பதுண்டு. மேனாட்டு வைத்தியர் அனியூரிசம் என வழங்கும் மூளை நாடிப்புடைப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அதனை உடையார் தம் மனத்தைக் காத்துக்கொள்ளும் வழிபற்றி இம்மலரிற் சில கூற விரும்புகின்றோம்.

மூளையின் அடிப்புறத்தே ஓடும் நாடியொன்றின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, குருதியின் அமுக்கத்தாற் சிறு பைபோலப் புடைப்பதே இந்நிலை. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இஃது உண்டென ஆய்வாளர் கணித்துள்ளனர். அவற்றுட் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. வேறு காரணத்துக்காகத் தலையைப் படம்பிடிக்கும்போதே பல வெளிப்படுகின்றன. வெடித்தாலோ, மூளையைச் சூழ்ந்து குருதி பரவி உயிருக்கே ஊறு நேரலாம். 1937ஆம் ஆண்டில் வால்ற்றர் டான்டி என்னும் அமெரிக்க வைத்தியர் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்திற் கவ்வியிட்டு அதனை அடைத்தார். குலியெல்மி என்பார் அமைத்த பிளாற்றினக் கம்பிச்சுருளை நாடிவழியே செலுத்திப் புடைப்பை நிரப்பும் முறை 1990ஆம் ஆண்டிற் கையாளப்பட்டது. சிறியனவற்றுக்குச் சிகிச்சை செய்யாது, குறித்த காலங்களிற் படம்பிடித்துக் கண்காணித்து வருதலும் வைத்தியர் கொள்ளும் முறையே.

இக்கண்காணிப்பிலேதான் மனத்தின் இடர்ப்பாடு தொடங்குகின்றது. பூநகரியில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்கும் கமக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். "சிறு புடைப்பு உளது, இப்போது ஒன்றும் செய்யவேண்டியதில்லை, அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்கின்றார் வைத்தியர். கமக்காரர் வீடு திரும்புகின்றார். வெயிலில் வந்த தலையிடியையும் வெடிப்பின் அறிகுறியென நடுங்குகின்றார். வயலுக்குப் போக அஞ்சுகின்றார், உறக்கம் குறைகின்றது. அடுத்த படம்பிடிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கலக்கம் மிகுகின்றது. உற்றாரோ, "யோசிக்க வேண்டாம்" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். சொல்லப்படாத அச்சம் உள்ளே வளர்கின்றது.

லாசரசு, ஃபோக்மன் என்னும் உளவியலறிஞர் இருவர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இடரை எதிர்கொள்ளும் வழிகளை இருவகைப்படுத்தினர். மாற்றக்கூடியதை முயன்று மாற்றுதல் ஒன்று. மாற்றமுடியாததன்பால் எழும் உணர்ச்சியை ஆற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டும்.

குளக்கட்டில் நலிந்த இடமொன்றை அறிந்த கமக்காரர் இரவும் பகலும் அவ்விடத்திலேயே அமர்ந்திருப்பதில்லை, அதனை மறந்துவிடுவதுமில்லை. நீர்மட்டத்தை அளவிற் கொள்வார். குறித்த நாளிற் சென்று பார்ப்பார். உடைப்பின் குறி தோன்றின் எவரை அழைப்பதென அறிந்திருப்பார். நாடிப்புடைப்பு உடையாரும் அவ்வாறே செய்யலாம். புகைத்தலை அறவே விடுதலும், குருதியமுக்கத்தை மருந்தாலும் உணவாலும் அடக்குதலும் அவர்தம் கையிலுள்ளன. எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்பதை ஊகியாது வைத்தியரிடமே கேட்டறிதல் வேண்டும். எஞ்சிய கவலையை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்விட்டுப் பேசுதல், மூச்சை மெல்ல விட்டு அமைதல், வழிபாடு, நாளாந்த வேலை என்பவற்றால் ஆற்றலாம். உறக்கமும் உணவும் கெடுமாயின் மனநல வைத்தியரை நாடுதல் இழிவன்று.

அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவதே அறிவுடைமை என்பது வள்ளுவர் கருத்து. இங்கே அஞ்சத்தக்கது யாது? இடிவிழுந்தாற்போலத் திடீரெனத் தோன்றும், முன்னொருபோதும் அறியாத கடுந்தலையிடி. அதனுடன் வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம், கண்ணிமை சரிதல் ஆகியன. இவை தோன்றின் விடியட்டும் எனக் காத்திராது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தல் வேண்டும். இவ்விலவச சேவை 2018ஆம் ஆண்டில் வடமாகாணத்துக்கு விரிந்தது. கேரதீவுத் துறையிற் படகுக்குக் காத்திருந்த காலமும் 2011 சனவரியிற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதோடு கழிந்தது; பூநகரியாருக்கு யாழ்ப்பாணம் இன்று அணித்தாயிற்று.

இடப்பெயர்வும் இழப்பும் கண்ட வன்னி மக்களுக்கு அச்சம் புதியதன்று. அவர்தம் வீடுகளில் இத்தகைய நோயாளர் உளராயின், அவரைப் பேசவிட்டுக் கேட்பதும், படம்பிடிக்கும் நாளில் உடன்செல்வதும் உற்றார் செய்யத்தக்க பேருதவிகளாம். நம் பழைய மாணவர் தத்தம் ஊர்களில் இதனை எடுத்துரைப்பாராயின், பலர் வீணே நடுங்காதும், உரிய வேளையிற் பிந்தாதும் வாழ்வர் என்பது எமது துணிபு.