தோற் புற்றுநோயும் ஒளிச் சிகிச்சையும்

மாணவர்களே, ஒளி, கலம், ஒட்சிசன் ஆகிய மூன்றையும் விஞ்ஞானப் பாடத்தில் தனித்தனி அலகுகளாகப் படிக்கிறீர்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து தொழிற்படும் மருத்துவ முறையே ஒளியியக்கச் சிகிச்சை ஆகும். ஆரம்ப நிலையிலுள்ள சில தோற் புற்றுநோய்களைச் சத்திரசிகிச்சையின்றிக் குணப்படுத்த இது உதவுகிறது. இங்கு "ஆரம்ப நிலை" என்பதே முக்கியமான சொல். அதன் காரணத்தை விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சூரிய ஒளியும் தோலும்

மட்டக்களப்பு ஏறத்தாழ வட அகலக்கோடு 7.7 பாகையில் அமைந்துள்ளது. எனவே ஏப்ரல் மாதத்திலும் செப்தெம்பர் ஆரம்பத்திலும் நண்பகற் சூரியன் நமது உச்சிக்கு நேர் மேலே நிற்கும். வாவியில் தோணியில் நின்று வலை வீசுபவரும், படுவான்கரை வயலில் வேலை செய்பவரும் இக்கதிர்களை நேரடியாக ஏற்கின்றனர்.

சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களின் (புற ஊதாக் கதிர்களின்) அலைநீளம் 400 நனோமீற்றரிலும் குறைவானது. அவற்றுள் 280 முதல் 315 நனோமீற்றர் வரையானவை மேற்றோற் கலங்களின் டி.என்.ஏ.யைச் சிதைக்கின்றன. பெரும்பாலான சிதைவுகளைக் கலமே திருத்திக்கொள்ளும். திருத்தப்படாதவை ஆண்டுக்கணக்கில் சேரும்போது கலம் கட்டுப்பாடின்றிப் பிரியத் தொடங்கலாம். அதுவே புற்றுநோய்.

"கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது" என்று சிலர் கூறுவர். இது பாதி உண்மையே. நமது தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் குடைபோல் நின்று கதிர்களைத் தடுப்பதால், வெயிலினால் வரும் தோற் புற்றுநோய் நம்மிடையே குறைவு. ஆயினும் உள்ளங்கால், நகத்தின் அடி, பழைய தீக்காயத் தழும்பு, நெடுநாள் ஆறாத புண் ஆகிய இடங்களில் அது தோன்றக்கூடும். யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லிக்குக் கால்விரல் நகத்தின் கீழ் மெலனோமா என்னும் தோற் புற்றுநோய் இருப்பது 1977 இல் கண்டறியப்பட்டது. அது உடலெங்கும் பரவி, 1981 இல் தமது 36 ஆவது வயதில் அவர் இறந்தார்.

2. ஒளி மருந்தாகிய வரலாறு

டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் பின்சன் தோலில் ஏற்படும் காசநோயை ஒளியினால் குணப்படுத்தினார். இதற்காக 1903 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பயன்படுத்தியது ஒளியை மட்டுமே.

ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர் பரமேசியங்களை அக்கிரிடீன் என்னும் சாயத்தில் இட்டு ஆராய்ந்தார். ஒளி பட்டபோது அவை விரைவில் இறந்தன. ஒளி குறைந்தபோது நெடுநேரம் வாழ்ந்தன. இதனை அவர் 1900 இல் வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் வொன் தப்பைனர் 1903 இல் இயோசின் என்னும் சாயத்தைத் தோற் கட்டிகளிற் பூசி ஒளி பாய்ச்சினார். இவ்விளைவுக்கு ஒட்சிசனும் தேவை என்பது 1904 இல் அறியப்பட்டது. இன்று பயன்படும் பூசுமருந்து முறையைக் கனடா நாட்டு ஆய்வாளர்கள் 1990 இல் அறிமுகப்படுத்தினர்.

3. சிகிச்சையின் படிமுறைகள்

(அ) அமினோலெவுலினிக் அமிலம் அல்லது அதன் சேர்வை கலந்த கிறீமைப் பாதிக்கப்பட்ட இடத்திற் பூசி, ஒளி படாது மூடிச் சுமார் 3 மணித்தியாலம் வைப்பர். இவ்வமிலம் நமது கலங்களிலும் இயற்கையாக உண்டாவதாகும். குருதியிலுள்ள ஈமோகுளோபினின் ஈம் பகுதி இதிலிருந்தே உருவாகிறது.

(ஆ) நோயுற்ற கலங்கள் இதனைப் புரோட்டோபோபைரின் என்னும் ஒளியுணர் பதார்த்தமாக மாற்றிச் சேர்த்து வைக்கும். அயலிலுள்ள நல்ல கலங்களில் அது குறைவாகவே சேரும்.

(இ) ஏறத்தாழ 630 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சுவர். ஒளியின் சக்தியைப் பெற்ற பதார்த்தம் அதனை ஒட்சிசனுக்கு வழங்கும்.

(ஈ) சக்தி பெற்ற ஒட்சிசன் கலத்தைச் சிதைக்கும். அது மிகக் குறைந்த நேரமே நிலைப்பதால் தோன்றிய இடத்துக்கு அப்பால் அதிகம் செல்லாது.

ஒளி பாயும்போது எரிவு ஏற்படும். பின்னர் சிவந்து, பொருக்குத் தட்டி ஆறும். ஓரிரு நாட்களுக்கு அவ்விடத்தில் வெயில் படக்கூடாது.

4. ஏன் ஆரம்ப நிலையில் மட்டும்?

இருட்டில் டோர்ச் விளக்கின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். வெள்ளொளி உட்சென்றாலும் சிவப்பே வெளியே தெரியும். நீல ஒளி மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட, சிவப்பு ஒளி ஆழமாகச் செல்வதே காரணம். ஆயினும், சிகிச்சைக்குப் போதிய அளவில் சிவப்பு ஒளியும் மருந்தும் சென்று சேரும் ஆழம் ஓரிரு மில்லிமீற்றரே. நோய் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மேற்பகுதி ஆறினாலும் அடியில் நோய் தங்கிவிடும்.

பொருந்துவன: மேற்றோலுடன் நிற்கும் ஆரம்ப நிலைப் புற்றுநோய்கள், தடிப்பற்ற அடிக்கலப் புற்றுநோய், வெயிலால் ஏற்படும் புற்றுநோய்க்கு முந்திய செதில்கள்.

பொருந்தாதன: தடித்த அல்லது ஆழமான கட்டிகள், மெலனோமா. இவற்றுக்குச் சத்திரசிகிச்சையே பிரதானம்.

5. நாம் கவனிக்க வேண்டியவை

ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், தழும்பில் புதிதாக வளரும் கட்டி, நிறமோ வடிவமோ மாறும் மச்சம், அடிபடாமலே நகத்தின் கீழ் தோன்றும் கருங்கோடு ஆகியவற்றை வைத்தியரிடம் காட்ட வேண்டும். மஞ்சளும் பச்சிலையும் பூசிக் காத்திருக்கும் மாதங்களில் நோய் ஒளி எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடலாம். அரச வைத்தியசாலைகளில் இப்பரிசோதனைக்குக் கட்டணமில்லை. வீட்டில் அப்பாவோ அம்மம்மாவோ "இது சும்மா புண்தானே" என்று சொன்னால், இப்பாடத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. ஒளியியக்கச் சிகிச்சைக்குத் தேவையான மூன்று காரணிகள் எவை?
விடை: ஒளியுணர் பதார்த்தம், ஒளி, ஒட்சிசன்.

2. நீல ஒளியிலும் சிவப்பு ஒளி ஆழமான சிகிச்சைக்கு ஏற்றது. ஏன்?
விடை: சிவப்பு ஒளி இழையங்களில் குறைவாக உறிஞ்சப்பட்டு ஆழமாகச் செல்வதால்.

3. "கறுத்த தோலுக்குப் புற்றுநோய் வராது." இக்கூற்றை மதிப்பிட்டு ஐந்து வசனங்கள் எழுதுக.