நிரப்பாது விட்ட இடம்

சித்திரப்படம் என்றாற் சிறுவர்க்குரியது என எண்ணியிருந்தவருள் யானும் ஒருவன். மாரிகால மாலையொன்றில், சித்திர ஆசிரியையான என் மகள் தனது கணனியை என் மேசைமீது வைத்து, "ஐயா, இது உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். பிள்ளையின் மனங்கோணாதிருக்க அமர்ந்தேன். 104 நிமிடமும் எழுந்திலேன்.

படம் யப்பானியருடையது, 1999 இல் வெளிவந்தது. 'அயல்வீட்டு யமதா குடும்பத்தார்' எனத் தமிழிற் சொல்லலாம். இஷி ஹிசாஇச்சி என்பார் 1991 முதல் 'அசாஹி' நாளிதழில் நான்கு கட்டங்களில் வரைந்துவந்த நகைச்சித்திரமே அதற்கு மூலம். தந்தை, தாய், பாட்டி, மகன், மகள், ஒரு நாய், வீட்டார் இவ்வளவே. தொடர்கதை ஏதுமில்லை. தொலைக்காட்சியில் எதைப் பார்ப்பதென்று கணவனும் மனைவியும் போர்தொடுக்கின்றனர். பேரங்காடியிற் சிறுமியை மறந்துவிட்டுக் காரேறியவர்கள் பாதிவழியில் விழித்துக்கொண்டு ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுகின்றனர்; சிறுமியோ, தொலைந்துபோனவர்கள் வீட்டார்தாம் என்று உறுதியாய் நம்பியிருக்கிறாள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "நல்லூர்த் திருவிழாவிலே நீங்கள் செய்ததுதானே" என்றாள். அதனை இங்கு விரிக்கேன்.

இடையிடையே பாஷோ, பூசொன், சந்தோக்கா என்போரின் ஹைக்கூப் பாக்கள் ஓதப்படுகின்றன. அற்பமான வீட்டுப் பூசலொன்றின் முடிவிற் பழம்புலவன் வாக்கு ஒலிக்கையில், நகைப்பதா நெகிழ்வதா என மனம் தடுமாறுகிறது.

இயக்கியவர் தக்கஹாத்தா இசாஓ (1935-2018). தோக்கியோப் பல்கலைக்கழகத்திற் பிரெஞ்சு இலக்கியங் கற்றவர். சித்திரப்படம் இயக்கியும் தாம் சித்திரம் வரைபவர் அல்லர். எதை வரையவேண்டும், எதை வரையாது விடவேண்டும் என்று அறிந்தவர் என்பதே பொருந்தும். இப்படத்தில் உருவங்களைச் சூழ்ந்து பெரும்பாலும் வெண்மையே கிடக்கிறது. ஒரு கதவு, பாதி மேசை, நீர்வண்ணத்தில் ஒரு பச்சைத் தீற்று; எஞ்சியதைக் காண்பவர் கண்ணே வரைந்துகொள்கிறது. நம் இலக்கணிகள் எச்சம் என்றும் குறிப்பு என்றும் சொன்னவற்றை இவர் தூரிகைக்குக் கற்பித்திருக்கிறார்.

இவ்வெளிமைக்குப் பின்னேயுள்ள பாட்டை மகள் விளக்கியபோதுதான் யான் திகைத்தேன். முன்னைய முறையில், தாளில் வரைந்த உருவை ஒளிபுகும் தகட்டுக்கு மாற்றி, அதன் பின்புறத்தில் வண்ணத்தைத் தடிப்பாகப் பூசி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம்பிடிப்பர். அதில் உருவம் வேறு, பின்னணி வேறு என்று பிரிந்து நிற்கும். கோட்டைக் கடந்து கசியும் நீர்வண்ணத்திற்கு அங்கே இடமில்லை. ஆகவே தக்கஹாத்தா தகட்டை முற்றாகக் கைவிட்டு, கையால் வரைந்த தாள்களைக் கணனிக்குட் செலுத்தி வண்ணந் தீட்டுவித்தார். ஜிப்லி என்னும் அக்கலைக்கூடம் தகடின்றி ஆக்கிய முதற்படம் இதுவே. ஆனால் கணனிக்கோ குறிப்புணரத் தெரியாது. விடுபட்ட கோட்டுக்குள் வண்ணத்தை நிறுத்த அதனால் இயலாது. எனவே கண்ணுக்குத் தெரியும் விட்டுவிட்ட கோட்டுக்கு ஒன்று, வண்ணத்தின் எல்லையை மூடிக் காட்ட ஒன்று, நீர்வண்ணம் படியும் பரப்புக்கு ஒன்று என, ஓருருவுக்கு மும்முறை வரையவேண்டியதாயிற்று. சோம்பேறி கிறுக்கியதுபோலத் தோன்றும் கோட்டுக்கு மும்மடங்கு உழைப்பு!

ஓரிடத்தில் மட்டும் இப்போக்கு மாறுகிறது. இரவில் மோட்டார் சைக்கிளில் ஆரவாரிக்கும் இளைஞரைத் தந்தை கண்டிக்கச் செல்லும்போது கோடுகள் திடீரென மெய்யுருக் கொள்கின்றன. நகைச்சித்திர மனிதர் நிஜ மனிதராகிவிடவே, அச்சம் நம்மையும் பற்றுகிறது.

படம் போட்ட பணத்தை ஈட்டவில்லை. 1997 இல் அதே கூடத்தின் 'இளவரசி மொனொனொகே' கண்ட கூட்டம் இதற்கு வரவில்லை. தக்கஹாத்தா அம்முறையை விட்டாரல்லர். 2013 இல் வந்த 'இளவரசி ககுயா' அதன் முதிர்ச்சி என்பாள் மகள். அதனை யான் இன்னும் பார்த்திலேன்.

சென்ற தவணையில் என் மாணவி ஒருத்தி தன் பாட்டனாரின் மறைவைப்பற்றி எழுதிய கட்டுரை அரைப்பக்கத்திலே, விறாந்தையிற் கிடந்த சாய்மனைக் கதிரையோடு நின்றுவிட்டது. 'நிறைவில்லை' என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளி குறைத்திருந்தேன். மறுநாட் காலை அக்கொப்பியை வாங்கி மீண்டும் படித்தேன். அழுதாள் என்றோ, ஆற்றொணாத் துயர் என்றோ ஒரு சொல்லும் அதில் இல்லை. கதிரைச் சீலை இன்னும் அவர் உடல்போலத் தாழ்ந்திருந்தது என்று மட்டும் எழுதியிருந்தாள்.

புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன். அவள் காரணம் கேட்கவில்லை, யானும் சொல்லவில்லை.