சமாளித்தல்

நாம் ஒரு நாளில் எத்தனை முறை 'சமாளித்துக்கொள்ளலாம்' என்கிறோம்! திடீரென்று விருந்தினர் வந்துவிட்டால் அம்மா சாம்பாரில் வெந்நீர் ஊற்றி, இன்னொரு கொதி விட்டுச் சமாளிக்கிறார். விழா மேடையில் அரசனுக்கு வசனம் மறந்துபோனால், மந்திரி வேடமிட்டவள், "அரசே, தங்கள் எண்ணத்தை நானே கூறிவிடுகிறேன்" என்று சமாளிக்கிறாள்.

இது வடக்கிலிருந்து வந்து நம் பேச்சில் கலந்துவிட்ட சொல். இந்தியில் 'சம்பால்னா' என்றால் தாங்கிப் பிடித்தல், விழாமல் காத்தல் என்று பொருள். இதனோடு நெருங்கிய ஆங்கில வினை 'இம்ப்ரவைஸ்'. அது, 'முன்கூட்டிக் காணாதது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது.

1970 ஏப்ரலில் சந்திரனை நோக்கிச் சென்ற அப்பல்லோ 13 விண்கலத்தில் பிராணவாயுத் தொட்டி ஒன்று வெடித்தது. வீரர் மூவரும் சந்திரனில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் புகுந்தனர். அதுவோ இருவருக்காக அமைந்தது. அவர்கள் வெளிவிடும் கரியமிலவாயு உள்ளே பெருகியது. அதை நீக்கும் பெட்டிகள் தாய்க்கலத்தில் மிகுதியாக இருந்தன; ஆனால் அவை சதுரம், சிறு கலத்தின் துளைகளோ வட்டம்! ஹூஸ்டனில் இருந்த பொறியாளர்கள், கலத்தில் என்னென்ன உண்டோ அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டனர்: பிளாஸ்டிக் பை, அட்டை, ஆடையின் குழாய், ஒட்டும் நாடா. அவற்றால் ஓர் இணைப்பைத் தாங்களே செய்து பார்த்து, பிறகு வானொலியில் ஒவ்வொரு படியாகச் சொன்னார்கள். வீரர்களும் அவ்வாறே செய்தனர். காற்று தூய்மையாயிற்று. ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிருடன் கடலில் வந்து இறங்கினர்.

இச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. "சமாளிக்காதே, உண்மையைச் சொல்" என்னும்போது, பூசி மெழுகுவதையே குறிக்கிறோம். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? 'எதை வைத்து?' என்று கேட்டுப் பார்க்கலாம். அம்மாவிடம் சாம்பார் இருந்தது. மந்திரி, அரசனின் வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்தாள். கலத்தில் இருந்த பொருள் ஒவ்வொன்றையும் பொறியாளர்கள் அறிந்திருந்தனர். புத்தகத்தையே திறவாமல் தேர்வெழுதப் போகும் நம்மிடம் பேனா மட்டுமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அசோகர் மரம் நட்டதையே மூன்று பக்கத்துக்கு நீட்டியவர்கள் நம்முள் உண்டு. (பெயர் வேண்டாம்!)

வீட்டுக்கணக்கு எழுதாத அன்று, "நோட்டை வீட்டில் வைத்துவிட்டேன், சிஸ்டர்" என்கிறோம். சிஸ்டரும் புன்னகையோடு, "அப்படியா? பையை இங்கே கொண்டு வா" என்கிறார். அதற்குமேல் எந்த வினைச்சொல்லும் நமக்கு உதவுவதில்லை.