சமரசம் வேறு, சிகிச்சை வேறு

கணவர் கை ஓங்கியதே இல்லை. ஆனால் சாம்பாரில் உப்பு குறைந்தால் பிறந்த வீட்டையே இழுத்து வசவு விழும். சம்பளம் வரும் ஏடிஎம் கார்டு அவரிடம். யார் போன் செய்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். ஏன் என்று கேட்டால், "நான் எப்போ அப்படிச் சொன்னேன்? உனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று பதில் வரும். சில வருடங்கள் இப்படியே போனால், கோளாறு தன்னிடம்தான் என்று அந்தப் பெண்ணே நம்பத் தொடங்கிவிடுவார்.

இதுவும் வன்முறைதான். 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. இழிவாகப் பேசுவது, குழந்தை இல்லை, ஆண் வாரிசு இல்லை என்று குத்திக்காட்டுவது, செலவுக்குப் பணம் தராமல் முடக்குவது எல்லாம் அதில் அடக்கம். அந்தச் சட்டம் பெண்களுக்கானது. ஆனால் ஆண்களும் பிள்ளைகளும் வயதான பெற்றோரும்கூட இப்படி நொறுங்கிப்போவது உண்டு. சிகிச்சை எல்லோருக்கும் பொது.

எங்கே குழப்பம் வருகிறது?

இப்படிப்பட்டவர்கள் முதலில் போய் நிற்பது குடும்பப் பெரியவர்களிடம், அதைத் தாண்டினால் மகளிர் காவல் நிலையத்தில் அல்லது குடும்ப நீதிமன்றத்தில். அங்கே கிடைக்கும் கவுன்சலிங்கின் நோக்கம் பெரும்பாலும் இருவரையும் சேர்த்து வைப்பது. 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. அது அவர்கள் வேலை. தெரபியின் வேலை வேறு. அங்கே குடும்பம் சேர்ந்ததா பிரிந்ததா என்பது கணக்கில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தேறினாரா என்பதே கணக்கு. சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்ற முடிவும் அவருடையதே.

யாரிடம் போவது?

தூக்கமே இல்லை, படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றால் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். மருந்து எழுதித் தருபவர் அவர். பேச்சு வழியாகச் சிகிச்சை தருபவர்களில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறில்லை. கவுன்சலர் என்று போர்டு மாட்டியவர்களில் நன்றாகப் படித்தவரும் உண்டு, சில நாள் வகுப்போடு வந்தவரும் உண்டு. என்ன படித்தார், எங்கே பயிற்சி எடுத்தார் என்று கேட்டுவிடுங்கள்.

கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் (14416) இலவசம். எந்த நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் தள்ளிப்போடாமல் உடனே அழைக்க வேண்டிய எண்ணும் இதுவே. வீட்டில் இருப்பதே ஆபத்து என்றால் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். தங்குமிடம், சட்ட உதவி, ஆலோசனை எல்லாம் தரும் சகி மையத்துக்கும் அங்கிருந்து வழி கிடைக்கும்.

அழைப்பதற்கு முன் ஒன்று: உங்கள் போனை வீட்டில் யாராவது பார்ப்பார்களா? பார்ப்பார்கள் என்றால் நம்பிக்கையான தோழியின் போனிலோ அலுவலகத்திலிருந்தோ பேசுங்கள். உங்களைத் திரும்ப அழைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே கேட்க மூன்று கேள்விகள்

1. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை அளித்திருக்கிறீர்களா?

2. நான் சொல்வது என் வீட்டாருக்குப் போகுமா? சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. எது எது என்பதை அவரே விளக்க வேண்டும்.

3. கணவரையும் அழைத்து வரச் சொல்வீர்களா? கொடுமை தொடரும்போது இருவரையும் ஒன்றாக உட்கார வைப்பது ஆபத்து. அறைக்குள் மனம் திறந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டுக்குப் போனதும் தண்டனை கிடைக்கும்.

உள்ளே என்ன நடக்கும்?

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதன் பின் மனிதர்களோடு மறுபடி ஒட்டுவது. நல்ல தெரபிஸ்ட் முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்ல மாட்டார். இன்று ராத்திரி தூங்க முடியுமா, அவசரத்துக்கு யாரிடம் போவீர்கள் என்பதில் தொடங்குவார்.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒரு பயிற்சி உண்டு. "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணத்தை ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். அது உண்மை என்பதற்கு என்ன ஆதாரம், இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று இரண்டு பக்கமும் நிரப்ப வேண்டும். பத்து வருடம் குடும்பத்தை ஓட்டியது, பிள்ளையைப் படிக்க வைத்தது எல்லாம் இரண்டாவது பக்கத்தில் வந்து நிற்கும். லாயக்கில்லை என்று முதலில் சொன்னது யார் குரல் என்ற கேள்வியும் அப்போது எழும். ஒரே நாளில் எதுவும் மாறிவிடாது, மாதக்கணக்கில் ஆகலாம்.

எப்போது ஆளை மாற்றலாம்?

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா", "அவருக்குக் கோபம் வர்ற மாதிரி நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்பவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை. மற்றபடி மூன்று நான்கு முறை போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் வீட்டில் போலவே இவர் முன்னாலும் வார்த்தையை அளந்து அளந்துதான் பேசுகிறீர்கள் என்றால், அதை அவரிடமே சொல்லுங்கள். காதில் வாங்கிக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்பவர் என்றால் தொடரலாம். முகம் சுளிப்பவர் என்றால் வேறொருவரைப் பாருங்கள். தெரபி உங்களுக்குச் சரிவராது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள்.