எரிந்துபோன காகிதமும் சாட்சி சொன்ன தோழனும்

குண்டடி பட்ட போர்வீரனின் காயம் ஊருக்கே தெரியும். ஆனால் பீரங்கிச் சத்தத்தில் காது மந்தமாகி, இருபது ஆண்டு கழித்து முழுச் செவிடானவரை எண்ணிப் பாருங்கள். "இது பட்டாளத்தில் வந்த குறை" என்று அவர் வாயால் சொன்னால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் இப்படி உதவிப்பணம் கேட்கும் முன்னாள் வீரர்கள் பொதுவாக மூன்றைக் காட்ட வேண்டும். இப்போது அந்தக் குறை இருக்கிறது. சேவையின்போது அதற்கான சம்பவம் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று மருத்துவர் சொல்கிறார். சாட்சியம் இரு பக்கமும் சமமாக நின்றால், தீர்ப்பு வீரர் பக்கமே சாயும்.

அப்படியும் ஒரு பெருந்தொல்லை வந்தது. 1973 ஜூலை 12-ஆம் நாள், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகிலிருந்த படைவீரர் ஆவணக் காப்பகம் தீப்பற்றியது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போயிற்று. அவற்றுக்கு மறுபிரதியும் இல்லை.

அதற்காக அவர்கள் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. போர்முனையிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதம், பழைய புகைப்படம், ஊர் திரும்பியதும் பார்த்த டாக்டரின் சீட்டு ஆகியவையும் சான்றாகும். "நான் பக்கத்தில் இருந்தேன், கண்ணால் பார்த்தேன்" என்று கூட இருந்த தோழர் எழுதிக் கொடுப்பதும் சான்றுதான்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? பால்மரக் காட்டில் வழுக்கி விழுந்தவர்களும், செம்பனைக் குலை சரிந்து அடிபட்டவர்களும் நம் வீடுகளில் இல்லையா? "எண்ணெய் தேய்த்தால் சரியாகும்" என்று மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறோம். பல ஆண்டு கழித்து முதுகு நிமிர மறுக்கும்போது, அன்று விழுந்ததற்கு அத்தாட்சி எங்கே?

வேலையில் பட்ட காயத்துக்கும் தொழிலால் வரும் நோய்க்கும், 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ உதவி உண்டு. அங்கும் வேலைக்கும் குறைக்கும் உள்ள தொடர்பு தெரிய வேண்டும்.

ஆகவே, அடிபட்ட அன்றே மண்டோரிடமும் கிராணியிடமும் சொல்லுங்கள். கிளினிக்கில், எப்படி அடிபட்டது என்பதையும் சொல்லி எழுத வையுங்கள். பார்த்தவர் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் குறியுங்கள். எம்.சி. சீட்டைச் சட்டைப் பையிலேயே விட்டுத் துவைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பிஸ்கட் டின்னில் அதையும் வையுங்கள்.