துவாய் காய 716 பவுண்

சமையலறைத் தராசில் துவாய் நிறுக்கிற மனிசனை வீட்டில் ஒருவரும் மதிப்பதில்லை. ஆனாலும் நிறுத்தேன். 70க்கு 140 சென்ரிமீற்றர், சதுர மீற்றருக்கு 500 கிராம் பருத்தி என்று லேபிளில் போட்டிருந்தது. பெருக்கினால் 490 கிராம்; தராசு 494 காட்டியது. மகன் குளித்துவிட்டு எறிந்த பிறகு அதே துவாய் 671. மகள் தலைமுழுகிய அன்று 700ஐத் தாண்டியது. நான் துடைத்தால் 110 கிராம்தான் கூடும். முடி கொட்டியதில் கண்ட ஒரே இலாபம். ஒரு கிழமை எழுதிப் பார்த்ததில் ஆளுக்குச் சராசரி 150 கிராம் தண்ணீர். நாலு பேருக்கு, நாளொன்றுக்கு, 600 கிராம்.

இந்த 600 கிராம் எங்கே போகிறது என்பதுதான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் வீட்டுப் பிரச்சினை. குளியலறை 2 மீற்றருக்கு 2.2, உயரம் 2.4. கொள்ளளவு 10.56 கன மீற்றர். 20 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதாவது அறை முழுக்கத் தாங்கக்கூடியது 180 கிராம். அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நாங்கள் துவாயிலேயே கொண்டு வந்து தொங்கவிடுகிறோம். மிச்சம் யன்னல் கண்ணாடியிலும், வெளிச்சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகளாகவும் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் கொடியில் போட்டால் பல்லு விளக்கி முடிய முன் காய்கிற சாமான் இது. துவாய் என்ற சொல்லே போர்த்துக்கீசரின் 'தொஆல்யா' நம்மூரில் கரை ஒதுங்கியது. சொல்லுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அதைக் காயவைக்கத்தான் இங்கே காசு.

ஆக, 2025 ஜூனில் ஒரு சூட்டுக் கம்பி பூட்டுவது என்று முடிவானது. ஏணி மாதிரிப் படிப்படியாக இருக்கும், உள்ளே ரேடியேற்றர் தண்ணீர் ஓடும். அறையில் இருந்த பழைய ரேடியேற்றரைக் கழற்றி அந்த இடத்தில் இதைப் போடுவதாக எண்ணம். மனைவி படத்தில் காட்டியது குரோம் பூச்சு, 500க்கு 1200 மில்லிமீற்றர். அழகுதான், மறுக்கவில்லை. விபரத்தில் 1,500 பி.ரி.யு. என்று இருந்தது. இந்த நாட்டில் இன்னும் பி.ரி.யு.வில்தான் விற்கிறார்கள், 3.412 ஆல் வகுத்தால் வாட் வரும். 440 வாட்.

அறைக்கு எவ்வளவு வேண்டும்? வீடு 1900களின் தொடக்கத்தில் கட்டிய தொடர்வீடு, ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் வெளி கிடையாது. அப்படியான சுவருக்கு, உள்ளும் புறமும் ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் சதுர மீற்றருக்கு 2.1 வாட் போகும் என்று கணக்கு வைப்பார்கள். உள்ளே 22 பாகை, வெளியே உறைநிலைக்கு 2 பாகை கீழே என்று வைத்தேன், வித்தியாசம் 24. வெளிச்சுவர், யன்னல் நீங்கலாக, 4.1 சதுர மீற்றர்: 207 வாட். 0.7 சதுர மீற்றர் இரட்டைக் கண்ணாடிக்கு 47. மேற்கூரைக்கு 42. காற்று மணிக்கு இரண்டு தடவை மாறினால் அதற்கு 167. கூட்டினால் 463 வாட்.

440க்கும் 463க்கும் பெரிய தூரமில்லை, சமாளிக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் பிடி. அந்த 440, தண்ணீர் 75 பாகையில் போய் 65இல் திரும்புகிற, அறை 20 பாகையில் இருக்கிற பரிசோதனைக் கணக்கு. சராசரித் தண்ணீருக்கும் அறைக்கும் 50 பாகை இடைவெளி. எங்கள் பொயிலர் 60இல் அனுப்பி 50இல் வாங்குகிறது. திரும்புகிற தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி ஒடுங்கி, அந்த வெப்பமும் பொயிலருக்குக் கிடைக்கும். அதனால் பொயிலர்ச் சூட்டைக் கூட்ட எனக்கு மனமில்லை. எங்கள் இடைவெளி 33 பாகைதான். இடைவெளி குறைந்தால் வெப்பம் அதே விகிதத்தில் குறையாது, இன்னும் வேகமாகக் குறையும்: 0.66ஐ 1.3 அடுக்குக்கு உயர்த்தினால் 0.58. 440 வாட் கம்பி எங்கள் சுவரில் 256 வாட் தான் தரும். அதுவும் அம்மணமாக நின்றால். துவாய் போட்டால் பாதி மறைந்துவிடும்.

பளபளக்கிற குரோம் வெப்பக் கதிரை மிகக் குறைவாகத்தான் வெளியே விடும். வண்ணம் பூசிய இரும்பு தாராளமாக விடும். அதே அளவில் வெள்ளைக் கம்பிக்கு 2,000 பி.ரி.யு. போட்டிருந்தார்கள், 586 வாட். எங்கள் தண்ணீர்ச் சூட்டுக்கு அது 342. போதாது. 600க்கு 1600 வெள்ளை, 3,000 பி.ரி.யு., 879 வாட். எங்கள் வீட்டில் 513. இதுதான் கணக்குக்கு வந்தது. அழகில் தோற்றது, அதை ஒரு மாதம் கேட்டேன்.

கோடையில் பொயிலர் நிற்கும், கம்பி குளிரும், துவாய் மணக்கும். அதற்காகக் கம்பியின் அடியில் ஒரு ரீ-துண்டு வைத்து, அதற்குள் 300 வாட் மின்சூடாக்கி செருகுவதாகத் திட்டம். மின்சாரத்தில் ஓடும்போது ஒரு வால்வைப் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே வைக்க வேண்டும். இரண்டையும் பூட்டினால் சூடாகி விரிகிற தண்ணீருக்குப் போக இடமிருக்காது.

பூட்ட வந்தவர் வட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. பொயிலரை நிறுத்தி, ரேடியேற்றர்த் தண்ணீரை இறக்கி, புதுக் கம்பியை நிமிர்த்திப் பிடித்தவர் அப்படியே கீழே வைத்தார்.

"அண்ணை, அகலம் சரி. குழாய் நடுவை அளந்தனீங்களோ?"

அளக்கவில்லை. 600 அகலக் கம்பியில் இரண்டு குழாய் வாய்களுக்கும் இடையே நடுவுக்கு நடு 550 மில்லிமீற்றர். பழைய ரேடியேற்றருக்காகத் தரையிலிருந்து வந்த செப்புக் குழாய்களோ 790இல் நின்றன. ஒரு பக்கத்துக்கு 12 சென்ரிமீற்றர். வால்வை வளைத்து எட்டுகிற தூரமில்லை. இரண்டு தரைப் பலகைகளைக் கிளப்பி, 15 மில்லிமீற்றர்க் குழாயை உள்ளுக்கு நகர்த்தினார். அவர் பலகைக்குக் கீழே குப்புறப் படுத்துக் கிடந்த ஒன்றரை மணித்தியாலம் நான் ரோர்ச் பிடித்தேன். அதற்குமேல் என்ன செய்ய, பிழை என்னுடையது.

சீட்டுகளை அடுக்கினால்: கம்பி 128 பவுண். வால்வுச் சோடி 24. ரீ-துண்டு 9. ரைமரோடு மின்சூடாக்கி 62. குழாய், வெள்ளை ரேப், துரு தடுக்கும் திரவம் எல்லாம் 23. பிளம்பர் 220. எலெக்ரீசியன், சான்றிதழோடு, 160. பலகை கிளப்பிய கூலி 90. மொத்தம் 716. கடையில் ஒரு மணித்தியாலம் நின்று விலை பேசி வாங்கிய கம்பி, இதில் 18 சதவீதம்.

எலெக்ரீசியனின் 160ஐ மிச்சம் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து 60 சென்ரிமீற்றருக்குள் வருகிற எந்த மின் சாமானும் தண்ணீர் தெறிப்பைத் தாங்குவதாக இருக்க வேண்டும். எங்கள் கம்பி 75இல் நிற்கிறது, அந்த எல்லைக்கு வெளியே. இருந்தும் குளியலறைக்குப் போகிற மின்சுற்றுக்கு 30 மில்லி அம்பியரில் வெட்டிவிடுகிற பாதுகாப்பு கட்டாயம். சுவிச்சைச் சுவருக்கு மறுபக்கம், படி ஏறி வந்ததும் இருக்கிற நடையில் வைத்தார், 3 அம்பியர் பியூசோடு. சூடாக்கி இழுப்பது 1.3 அம்பியர்தான்.

இனி ஓட்டச் செலவு. 2025 ஜூலைக்கு ஒழுங்காற்று அமைப்பான ஒவ்ஜெம் விதித்த உச்சவரம்பின்படி சராசரி விலை மின்சாரம் யூனிற் 25.73 பென்ஸ், எரிவாயு 6.33. குளிர்காலத்தில் பொயிலர் நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் கம்பி தருவது 3.08 யூனிற் வெப்பம். பொயிலர் 90 சதவீதத் திறனில் இருந்தால் அதற்கு எரிவாயுச் செலவு 22 பென்சுக்குக் கொஞ்சம் குறைவு. 180 நாளுக்கு 39 பவுண். அதே வெப்பத்தை மின்சாரத்தில் வாங்கினால் நாளுக்கு 79 பென்ஸ், 180 நாளுக்கு 142 பவுண் 60. குழாய் வேலைக்கு அஞ்சி வெறும் மின்கம்பி வாங்குகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். துவாய் மட்டும் காய்ந்தால் போதும், அறை சூடாக வேண்டாம் என்றால் மின்கம்பியே நல்லது. எங்களுக்கு அறையும் சூடாக வேண்டும்.

கோடைக்கு 120 நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம், 300 வாட்: 72 யூனிற், 18 பவுண் 53. நாலு துவாயின் 600 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.4 யூனிற் வேண்டும். கம்பி எரிப்பது 0.6, அதில் கொஞ்சம் அறைக்கும் போகும். குறைவதைக் காற்று பார்த்துக்கொள்ளும். காற்று என்றதும் விசிறி: இங்கிலாந்துக் கட்டட விதிப்படி குளியலறை விசிறி வினாடிக்கு 15 லீற்றர் இழுக்க வேண்டும். மணிக்கு 54 கன மீற்றர், அறைக் காற்று ஐந்து தடவை வெளியே போகும். எங்கள் விசிறி எட்டு வாட். இரண்டு மணித்தியாலத்துக்கு அரைப் பென்ஸ்கூட இல்லை. மூலைக் கறுப்பைப் போக்கியதில் 716 பவுணைவிட அந்த அரைப் பென்சுக்குப் பங்கு அதிகம் என்பது என் சந்தேகம்.

ஜூலையில் மாமி உட்பட எல்லோரும் ரொறன்ரோவுக்குப் போனோம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, கடைசி நேரத்தில் தோய்த்த இரண்டு காற்சட்டைகளைக் காயவைக்க ரைமரை விலக்கித் தொடர்ச்சியாக ஓடவிட்டேன். திரும்பி வந்தபோது கம்பி கணகணவென்று எங்களை வரவேற்றது. 21 நாள், நாளுக்கு 7.2 யூனிற், மொத்தம் 151.2. 38 பவுண் 90. வெறும் துவாய்க் கம்பி, ஆளில்லாத வீட்டில், இரண்டு கோடைக்கான செலவை மூன்று கிழமையில் தின்றிருந்தது.

சூடு கட்டுப்படுத்தி வெட்டியிருக்க வேண்டாமா என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதை 60 பாகையில் வைத்திருந்தேன். ஆனால் 879 வாட் வெளியே விடக்கூடிய பெரிய கம்பிக்குள் 300 வாட் ஊற்றினால், அறையைவிட 22 பாகை கூடியதும் வந்த வெப்பமும் போகிற வெப்பமும் சமமாகிவிடும். 44 பாகையைத் தாண்டவே தாண்டாது. 60 வந்தால்தானே வெட்டும். இப்போது 40இல் வைத்திருக்கிறேன், ரைமருக்கு மேலே ஒரு ஸ்ரிக்கரும் ஒட்டியிருக்கிறேன்.

மாமியின் துண்டையும் நிறுத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பருத்தி, காய்ந்தால் 138 கிராம், துடைத்த பின் 204. காலை ஒன்பதுக்குப் படிக்கட்டுக் கைபிடியில் விரித்தால் மத்தியானச் சோற்றுக்கு முன் காய்ந்துவிடுகிறது. கம்பியில் போடுங்கோ மாமி, அதற்குத்தானே பூட்டினது என்றேன்.

"அது உங்கடை தடிச்ச துவாய்களுக்கு" என்றுவிட்டுக் கைபிடியில் சுருக்கை நீவிவிட்டார்.